ரோலெக்ஸ் சப்மரைனரா, ஒமேகா சீமாஸ்டரா? ஒரே ஒரு வாட்ச், ஆயுசுக்கும்

காத்தாடி வள்ளியூர் | ஜூன் 17, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது உங்கள் யோசனை எனக்கு வேண்டும்.

வருகிற ஐப்பசியில் எனக்கு 50 வயது முடிகிறது. காற்றாலைப் பராமரிப்பில் 24 வருஷமாக இருக்கிறேன். எட்டு வருஷமாக ஒரு தனி ஆர்.டி. போட்டு வந்தேன். வீட்டுக் கடன், மகள் படிப்பு எதிலும் கை வைக்காமல் சேர்த்த பணம் அது. கை அசைவிலேயே சாவி ஏறுகிற ஒரு நல்ல ஆட்டோமேடிக் வாட்ச் வாங்கி, கடைசி வரைக்கும் கட்டி, அப்புறம் மகளிடம் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்த ஆசை என்று கேட்பவர்களுக்கு: அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தார். மில் சங்கு ஊதினால் ஊரே அதை வைத்துக் கடிகாரத்தைச் சரி பண்ணும். அப்பா மட்டும் சங்கு ஊதும்போது கையைத் திருப்பித் தன்னுடைய ஹெச்.எம்.டி. ஜனதாவைப் பார்ப்பார், சங்கு சரியாக ஊதியதா என்று தெரிந்துகொள்ள. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு சாவி கொடுப்பார். அவர் போனபின் அந்த வாட்ச் என் பீரோவில் இருக்கிறது. இப்போது ஓடவில்லை.

என் கணக்கில் நிற்பவை இரண்டு. ஒன்று, ரோலெக்ஸ் சப்மரைனர், தேதி இல்லாதது, மாடல் எண் 124060. 41 மி.மீ., 2020-இல் வந்த மாடல். இன்னொன்று, ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம், கறுப்பு டயல், 42 மி.மீ., 2018-இல் புதுப்பித்து வந்தது. இரண்டுமே 300 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்கிறார்கள்.

என் மணிக்கட்டு 16.5 செ.மீ. வேலை டவர் மேலே, ஜெனரேட்டருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் பக்கத்தில். காந்தம்தான் என் பயம். ஞாயிற்றுக்கிழமை உவரியில் கடலில் குளிப்பேன், சாரல் விழுந்தால் குற்றாலம் போவேன். ஒமேகா 15,000 காஸ் (காந்த பலத்தை அளக்கும் அலகு) காந்தத்தைத் தாங்கும் என்பதால் மனசு அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் சின்ன வயதிலிருந்து மனசில் இருக்கும் பெயர் ரோலெக்ஸ். காற்று சீசன் முடிகிறவரை எனக்கு லீவு கிடையாது. அதனால் புரட்டாசியில்தான் சென்னை போய்ப் பார்க்க முடியும். யோசிக்க நேரம் இருக்கிறது.

பாளை வாட்ச் கடை | ஜூன் 17, இரவு 11.05

தம்பி, முதலில் அந்த ஜனதாவை என்னிடம் கொண்டு வாருங்கள். 17 ஜுவல், அதாவது தேயாமல் இருக்க உள்ளே 17 கல் வைத்த, சாவி கொடுக்கிற மெஷின். எண்ணெய் காய்ந்து போயிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டால் ஓடும். ஹெச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. வாட்ச் கம்பெனியை 2016-இல் மூடிவிட்டார்கள். ஆனாலும் ஜனதாவுக்கு இன்றைக்கும் பழைய வாட்சுகளிலிருந்து சாமான் எடுக்க முடிகிறது.

இனி காந்தம். வாட்சின் உயிர் பேலன்ஸ் சக்கரத்தில் இருக்கும் முடிச்சுருள், நாங்கள் ஹேர்ஸ்பிரிங் என்போம். சாதாரண ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும், அதனால் வாட்ச் தலைதெறிக்க முன்னால் ஓடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று ஓடி என் மேஜைக்கு வருகிற வாட்சுகளில் முக்கால்வாசி காந்தம் ஏறியவைதான்.

ஒமேகா அந்த ஹேர்ஸ்பிரிங்கைச் சிலிக்கானில் செய்திருக்கிறது. சிலிக்கானுக்குக் காந்தம் ஒட்டாது. உள்ளே இருக்கும் 8800 மெஷினைச் சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் 15,000 காஸ் காந்தத்தில் வைத்துச் சோதிக்கிறது. ஒரு நாளைக்கு 0 முதல் 5 விநாடி வரை முன்னால் போகலாம், பின்னால் போகவே கூடாது என்பது அவர்கள் விதி. அதுமட்டுமல்ல, இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட் அதில் இருக்கிறது. எஸ்கேப்மென்ட் என்பது சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விட்டு ஓட வைக்கும் பாகம். ஒமேகா அதை 1999-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பற்கள் உரசி நழுவுவது குறைவு. அதனால் எண்ணெய்க்கு வேலை குறைவு. தொழில்காரனாக எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

ரோலெக்ஸ் இதில் பின்தங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய பாராக்ரோம் ஹேர்ஸ்பிரிங் நியோபியம், சிர்கோனியம் கலந்த உலோகம். எஸ்கேப்மென்ட் நிக்கல்-பாஸ்பரஸ். இரண்டுமே காந்தத்துக்கு எளிதில் மசியாது. 15,000 மாதிரி ஓர் எண்ணைச் சப்மரைனருக்கு அவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான். நேரத்தில் ஒரு நாளைக்கு 2 விநாடி முன்னே அல்லது பின்னே என்பது அவர்கள் வாக்கு. முழுச் சாவி ஏறினால் ரோலெக்ஸ் 70 மணி நேரம் ஓடும், ஒமேகா 55 மணி நேரம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டையும் என் மாதிரிக் கடையில் திறக்கக் கூடாது. உதிரிச் சாமான் வெளியாட்களுக்குக் கிடைப்பது கஷ்டம், எடுத்து வைக்கும் கருவியும் தனி. சர்வீஸ் என்றால் கம்பெனி மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ரோலெக்ஸ் சுமார் 10 வருஷத்துக்கு ஒரு தடவை என்கிறது. ஒமேகா 5 முதல் 8 வருஷம் என்கிறது. அந்தச் செலவையும் இப்போதே மனசில் எழுதி வையுங்கள். வாரண்டி இரண்டுக்கும் 5 வருஷம்.

மேலப்பாளையம் - ஜித்தா | ஜூன் 18, காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணாச்சி, நல்ல ஆசை. வாங்குகிற வழியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் கை சுட்டிருக்கிறது.

நீங்கள் சொல்லும் ரோலெக்ஸைப் பணத்தைக் கொண்டு போய்க் கொடுத்தவுடன் தர மாட்டார்கள். கடையில் இருப்பது காட்சிக்கு மட்டும். பெயர் எழுதிக்கொண்டு, வந்தால் கூப்பிடுவார்கள். எப்போது என்று வாக்குத் தர மாட்டார்கள். வளைகுடாவிலும் அதே கதைதான். ஒமேகாவை அன்றைக்கே கட்டிக்கொண்டு வரலாம்.

அந்தக் காத்திருப்பு பிடிக்காமல்தான் 2019-இல் நான் வெளிச்சந்தையில் பழையது ஒன்று எடுத்தேன். கடை பளபளவென்று இருந்தது. பெட்டி இருந்தது, அட்டை இருந்தது. ஒரு வருஷம் கழித்துச் சர்வீசுக்குக் கொடுத்தபோது டயலைச் சுற்றியிருக்கும் வளையம், அதாவது பெசல், கம்பெனிச் சாமான் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓரங்கள் மழுங்குகிற அளவுக்குப் பாலிஷ் பண்ணியிருந்தார்கள். வாட்ச் ஓடுகிறது, ஆனால் கட்டும்போதெல்லாம் அந்த வருத்தம் வருகிறது. நீங்கள் எட்டு வருஷம் சேர்த்த பணத்துக்கு அப்படி ஒரு வருத்தம் வரக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது சொல்லி வாங்கினால் ஏர்போர்ட்டில் சொல்லி, வரி கட்டி, ரசீது வைத்திருக்க வேண்டும். கையில் கட்டி வந்தால் கேட்க மாட்டார்கள் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இந்தியாவில் வாங்கினால் 10 லட்சத்தைத் தாண்டும் கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தமும் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சுவிஸ் வாட்சுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும்.

பிற்காலத்தில் விற்க வேண்டி வந்தால் சப்மரைனர் விலை நிற்கும். ஒமேகா கடையை விட்டு வெளியே வந்தவுடன் கொஞ்சம் இறங்கும். மகளுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு தேவையே இல்லை.

தூத்துக்குடிக் கடல் | ஜூன் 18, மாலை 7.15

நான் பேச வேண்டிய இடம் இது. எங்கள் வீடு சங்கு குளிக்கிற வீடு. தாத்தா காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூச்சு முட்டும்போது கயிற்றை இழுப்பார்கள். மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். அவர்களுக்கு மூச்சுதான் கடிகாரம். இப்போது காற்றை முதுகில் கட்டிக்கொண்டு அல்லது குழாயில் வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். மூச்சு முட்டாது. அதனால்தான் ஆபத்து. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உடம்பு சொல்லாது. அதிக நேரம் கீழே இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டைப் பிடிக்கும். முடங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாட்சைச் சுற்றியிருக்கும் அந்த வளையம், பெசல், இதற்காகத்தான் வந்தது. இறங்கும்போது அதன் முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும். அப்புறம் நிமிஷ முள் வளையத்தில் எந்த எண்ணில் நிற்கிறதோ அத்தனை நிமிஷம் ஆயிற்று. வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும். ஏன் தெரியுமா? எதிலாவது இடித்துத் தவறித் திரும்பினாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. நீங்கள் சீக்கிரம் மேலே வருவீர்கள், அவ்வளவுதான். இதைவிட அக்கறையான வேலைப்பாடு ஒரு வாட்சில் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்த இரண்டில் பெசல் யாருடையது நல்லது என்று கேட்டால், தயங்காமல் சப்மரைனர். ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். ஈரக் கையில், கையுறையோடுகூடப் பிடி கிடைக்கும். சீமாஸ்டரின் ஓரம் அலை அலையாக வழவழப்பாக இருக்கும். பார்க்க அழகு. ஈரக் கையில் வழுக்கும். இது சின்ன விஷயம் இல்லை.

சீமாஸ்டரில் 10 மணிப் பக்கம் இன்னொரு குமிழ் இருக்கும். அது ஹீலியம் வால்வு. நாள் கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கி ஆழ்கடல் வேலை பார்ப்பவர்களுக்கு வாட்சுக்குள் ஹீலியம் புகுந்துவிடும். மேலே வரும்போது அது வெளியேற வழி இல்லாவிட்டால் கண்ணாடியைத் தள்ளிவிடும். அதற்கான வழி அது. மன்னார் வளைகுடாவில் நாங்கள் பெரும்பாலும் 20 மீட்டருக்குள் முடித்துக்கொள்கிறோம். உங்களுக்கு அந்தக் குமிழ் ஒருநாளும் உதவாது. சப்மரைனரில் அது கிடையாது.

300 மீட்டர் பற்றி. பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு காற்றழுத்தம் கூடும். ஐ.எஸ்.ஓ. 6425 என்ற டைவர் வாட்ச் விதிப்படி, எழுதியிருக்கும் ஆழத்துக்கு மேல் கால் பங்கு கூட்டிச் சோதிக்க வேண்டும். உவரிக்கும் குற்றாலத்துக்கும் இரண்டுமே அதிகம். தண்ணீர் புகுவது ஆழத்தால் அல்ல, அண்ணாச்சி. சாவியைச் சரியாகத் திருகி மூடாததால், ரப்பர் வளையம் காய்ந்து போனதால். வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தம் சோதியுங்கள். கடலில் குளித்தால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு காய்ந்து பெசலுக்குக் கீழே உட்கார்ந்தால் மணல் மாதிரி அரைக்கும். குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகும்போது கழற்றி வையுங்கள்.

களக்காடு ஏத்தன் | ஜூன் 18, இரவு 10.30

நான் வாழை போடுகிறவன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பணத்தில் களக்காட்டில் ஒரு கிணறு ஆழப்படுத்தி மோட்டார் போட்டுச் சொட்டு நீரும் போட்டுவிடலாம். காற்று அடித்து ஒரே ராத்திரியில் ஏத்தன் வாழை முழுதும் சாய்ந்த வருஷங்கள் எனக்கு இருக்கின்றன. அந்த ராத்திரிகளில் நினைத்துப் பார்த்தால் ஒரு வாட்சுக்கு இத்தனை பணம் என்பது என்னால் ஏற்க முடியாத ஒன்று. என் கையில் இருக்கும் கேசியோ எப்-91டபிள்யூ பதினொரு வருஷமாகச் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடுகிறது. ஒரே ஒரு தடவை பேட்டரி மாற்றினேன்.

உங்கள் பணம், உங்கள் உழைப்பு. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாங்கும் முன் ஒரு ராத்திரி இதையும் யோசியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

காத்தாடி வள்ளியூர் | ஜூன் 19, இரவு 9.10

களக்காட்டு அண்ணாச்சி, தவறாக எடுக்கவே இல்லை. ராத்திரி முழுதும் அதைத்தான் யோசித்தேன். உங்கள் வாழையைச் சாய்க்கிற காற்றில்தான் எனக்குச் சம்பளம். அது எனக்கு மறக்காது.

அவசரத்துக்கு என்று தனியாகப் பணம் வைத்திருக்கிறேன், காப்பீடு இருக்கிறது, கடன் அடுத்த வருஷம் முடிகிறது. இவை இல்லாமல் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் நீங்கள் சொன்னபின் ஒன்று முடிவு செய்தேன். சேர்த்ததற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன், தவணையும் கிடையாது.

தூத்துக்குடி அண்ணே, பெசல் ஏன் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. படித்ததும் மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

காந்தம் விஷயத்தில் இன்னும் ஒமேகாதான் சரி என்று தோன்றுகிறது. தினமும் ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பவனுக்கு அதுதானே பாதுகாப்பு?

பணகுடி லைன்மேன் | ஜூன் 20, காலை 5.50

தம்பி, நான் ஓய்வு பெற்ற லைன்மேன். நீங்கள் எல்லாரும் காந்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கையைப் பற்றிப் பேசுகிறேன்.

உலோகச் செயின் போட்ட வாட்சைக் கட்டிக்கொண்டு டவர் மேலே வேலை பார்க்கப் போகிறீர்களா? சப்ஸ்டேஷன் பேட்டரி அறையில் ஒருநாள் நான் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது, என் வாட்ச் செயின் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பட்டது. ஒரு விநாடி கூட இல்லை. செயின் பழுத்துவிட்டது. மணிக்கட்டைச் சுற்றி அந்தச் செயினின் அச்சு இன்றைக்கும் தழும்பாக இருக்கிறது. அது ஷாக் இல்லை, வெறும் சூடு. வோல்டேஜ் குறைவுதானே என்று நினைத்த இடம். கரண்ட் அதிகம். உலோகத்துக்கு அது போதும்.

சுற்றுகிற ஷாப்ட் பக்கத்தில் இன்னும் மோசம். துணி மாட்டினால் கிழியும். ஸ்டீல் செயின் கிழியாது, கையைத்தான் கூட்டிக்கொண்டு போகும். மோதிரம், செயின், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறு என்று எனக்குக் கீழே வேலை பார்த்த ஒவ்வொரு பையனிடமும் சொல்லியிருக்கிறேன். உங்கள் கம்பெனியிலும் அந்த விதி எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஆக, அந்த வாட்ச் ஜெனரேட்டர் பக்கத்தில் போகவே கூடாது. 15,000 காஸ் என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ரோலெக்ஸோ ஒமேகாவோ, கீழே பையில் வைத்துவிட்டு ஏறுங்கள்.

காத்தாடி வள்ளியூர் | ஜூன் 20, இரவு 8.30

அய்யா, விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் இப்போது கட்டுவது ரப்பர் ஸ்ட்ராப் போட்ட பிளாஸ்டிக் வாட்ச் என்பதால் அது கண்ணில் படாமலே போயிருக்கிறது. இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தோன்றாததை ஒரே பதிவில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கைக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக் கூடாது. நாளைக்குக் காலைக் கூட்டத்தில் பையன்களிடம் இதைச் சொல்லப் போகிறேன்.

சரி, இப்போது என் கணக்கு முழுதும் மாறிவிட்டது. வேலைக்கு ஒரு வாட்ச் ஏற்கெனவே இருக்கிறது. இது வேலை முடிந்து இறங்கியபின் கட்டுகிற வாட்ச்.

பாளை வாட்ச் கடை | ஜூன் 20, இரவு 9.45

அய்யா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானும் தொழில் ஆர்வத்தில் மெஷினையே பேசிவிட்டேன்.

வீட்டில் இருக்கும் காந்தம் என்று பார்த்தால் செல்போன் ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பை கொக்கி, இண்டக்‌ஷன் அடுப்பு. இவற்றை இரண்டு வாட்சுமே தாங்கும். மீறி ஏறினாலும் காந்தம் இறக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. வாட்சைத் திறக்காமலே இறக்கிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஆக இனி பார்க்க வேண்டியது கையில் எப்படி உட்காருகிறது, எப்போது கிடைக்கும், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். இப்படிப் பார்த்தால் தராசு ரோலெக்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்பது என் கருத்து.

அம்பை டீச்சர் | ஜூன் 22, மாலை 4.20

எல்லாரும் ஒருவரை மறந்துவிட்டீர்கள். அந்த வாட்ச் கடைசியில் மகள் கைக்குப் போகிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். மகளின் மணிக்கட்டு எத்தனை செ.மீ. என்று யாரும் கேட்கவில்லையே?

41, 42 என்பது டயலைச் சுற்றிய விட்டம். கையில் உட்காருவதைத் தீர்மானிப்பது, செயின் மாட்டும் கொம்புகளில் மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை உள்ள நீளம். சப்மரைனருக்கு அது ஏறக்குறைய 48 மி.மீ., சீமாஸ்டருக்கு ஏறக்குறைய 50. தடிமனிலும் சீமாஸ்டர் ஒரு மி.மீ. அளவுக்கு அதிகம். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன்: கெட்டி அட்டையில் 48 நீளத்தில் ஒன்று, 50 நீளத்தில் ஒன்று வெட்டி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். கை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் வாட்ச் இல்லை. மகள் கையிலும் வைத்துப் பாருங்கள்.

இரண்டும் பெரிது என்று பட்டால் டியூடர் பிளாக் பே 58-ஐயும் கையில் கட்டிப் பாருங்கள். ரோலெக்ஸின் தங்கைக் கம்பெனி. 39 மி.மீ., 12-க்கும் குறைந்த தடிமன், 200 மீட்டர் தாங்கும். விலையும் குறைவு. நான் கட்டுவது அதுதான். ஆறு வருஷமாகக் கரும்பலகைத் தூசியில் ஓடுகிறது. பெண்கள் வாட்ச் என்று தனியாக ஏதோ சின்னதாக வாங்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உங்கள் மகளுக்கும் தோன்றாமல் இருக்கலாம். அவளையே கேளுங்கள், சென்னைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தூத்துக்குடிக் கடல் | ஜூன் 22, இரவு 8.00

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நம் ஊர் வெயிலில் மத்தியானம் கை வீங்கும், ராத்திரி சுருங்கும். செயினைக் கருவி இல்லாமல் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். ரோலெக்ஸில் கிளைட்லாக் என்று இருக்கிறது, 2 மி.மீ. படிப் படியாகச் சுமார் 20 மி.மீ. வரை நீட்டலாம். சீமாஸ்டர் கொக்கியிலும் பொத்தானை அழுத்தி நகர்த்தும் வசதி இருக்கிறது. கடையில் இரண்டையும் நீங்களே இழுத்துப் பாருங்கள்.

காத்தாடி வள்ளியூர் | செப்டம்பர் 29, இரவு 10.15

மூன்று மாசம் கழித்து எழுதுகிறேன். காற்று ஓய்ந்தது, லீவு கிடைத்தது. நேற்று நெல்லை எக்ஸ்பிரஸில் நானும் மகளும் போய்விட்டு இன்றைக்குத் திரும்பும் வண்டியில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் ரோலெக்ஸ் கடை. மரியாதையாக உட்கார வைத்தார்கள். 124060 இருந்தது, காட்சிக்கு மட்டும். கட்டிப் பார்க்கத் தந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகாகக் கையில் உட்கார்ந்தது. அட்டையில் வெட்டிப் பார்த்தபோது தெரிந்ததைவிடக் கச்சிதம். பெசலைத் திருப்பினேன். தூத்துக்குடி அண்ணன் சொன்ன பிடி அப்படியே இருந்தது. ஒவ்வொரு கிளிக்கும் விரல் நுனியில் தெரிந்தது. பத்து நிமிஷம் கழற்ற மனசில்லாமல் வைத்திருந்தேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். பெயர் எழுதிக்கொள்கிறோம், காலம் சொல்ல முடியாது என்றார்கள். ஒரு வருஷமா, இரண்டா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒமேகா. 50 மி.மீ. நீளத்துக்கு நான் பயந்தது போல இல்லை. கொம்புகள் வளைந்து கீழே இறங்குவதால் மணிக்கட்டைக் கவ்விக்கொள்கிறது. ஆனாலும் சப்மரைனர் அளவுக்குப் படிந்து உட்காரவில்லை, கொஞ்சம் உயரம் தெரிகிறது. பெசல் ஈரக் கையில் வழுக்கும் என்பது காய்ந்த கையிலேயே புரிந்தது. டயல் முழுதும் செராமிக், அதில் அலையை லேசரால் செதுக்கியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் திருப்பும்போது உவரியில் காலை ஆறு மணிக்குக் கடல் கிடப்பது மாதிரி இருக்கிறது.

மகள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. ரோலெக்ஸில் பின்பக்கம் மூடியிருக்கும். அவள் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாத்தா வாட்சுக்குள்ளும் இப்படித்தான் ஆடுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கையில் கட்டிப் பார்த்தாள். பெரிதுதான். அவளுக்கு அது பிடித்திருந்தது. டியூடரையும் காட்டினேன் டீச்சர், கட்டிப் பார்த்துவிட்டு இதையே திரும்பக் கேட்டாள்.

வெளியே வந்து டீ குடித்தோம். ரோலெக்ஸ் கையில் உட்கார்ந்த விதம் மனசை விட்டுப் போகவில்லை. ஆனால் எனக்கு 50 வயது. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காக எட்டு வருஷச் சேமிப்பை இன்னும் வைத்துக் காத்திருக்க எனக்கு மனம் இல்லை. வெளிச்சந்தைக்குப் போனால் ஜித்தா தம்பி பட்ட வருத்தம். என் மகள் எதைப் பார்த்துக் கண் விரித்தாளோ அதையே வாங்கினேன். சீமாஸ்டர், கறுப்பு, ஸ்டீல் செயின். கூடவே கம்பெனி ரப்பர் ஸ்ட்ராப் ஒன்று. சேர்த்ததில் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. மகளின் அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு அது போகும்.

களக்காடு ஏத்தன் | செப்டம்பர் 30, காலை 5.30

நல்லா இருங்க தம்பி. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது ரொம்ப நல்ல காரியம்.

மேலப்பாளையம் - ஜித்தா | செப்டம்பர் 30, காலை 7.10

மாஷா அல்லாஹ். ரசீதையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். வாட்சின் நம்பரை எங்கேயும் பொதுவில் போட வேண்டாம்.

காத்தாடி வள்ளியூர் | அக்டோபர் 26, இரவு 8.50

இரண்டு செய்தி. முதலாவது, காலையில் ரேடியோ மணியோடு வைத்துப் பார்த்தேன். பத்து நாளில் 18 விநாடி முன்னால் போயிருக்கிறது. நேற்று உவரியில் கடலில் கட்டிக் குளித்தேன். வந்து குழாய்த் தண்ணீரில் பெசலை ஒரு சுற்றுச் சுற்றிக் கழுவினேன். டவருக்கு ஏறும்போது கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன், லைன்மேன் அய்யா.

இரண்டாவது, பாளைக் கடையிலிருந்து அப்பாவின் ஜனதா வந்துவிட்டது. ஓடுகிறது. அதை மகள் எடுத்துக்கொண்டாள். காலேஜுக்குக் கட்டிக்கொண்டு போகிறாள். அவள் கேட்கச் சொன்ன கேள்வி: தினமும் எத்தனை சுற்றுச் சாவி கொடுக்க வேண்டும்? அதிகம் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடுமா?

பாளை வாட்ச் கடை | அக்டோபர் 26, இரவு 9.30

எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். கையில் கட்டியபடி கொடுத்தால் சாவித் தண்டு ஒரு பக்கமாக இழுபடும், அங்கேதான் தேயும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் விரலுக்கு இறுக்கம் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு வாரம் கொடுத்தால் அந்த இடம் அவளுக்கே பழகிவிடும். குளிக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள், அது தண்ணீர் தாங்காது.